முக்கால் ஏக்கர் முயல்மசால்

“யாரு தம்பி தவறிட்டா?”

வேலிக்கு அந்தப் பக்கம் பவுனம்மாள் ரப்பர் குழாயைப் பிடித்தபடி நின்றார். செம்பருத்திக்குப் போக வேண்டிய தண்ணீர் அவர் காலில் போய்க்கொண்டிருந்தது.

குகன் நிமிர்ந்தான். இன்னும் சரியாக விடியவில்லை. இடுப்பில் வெள்ளைத் துண்டு. முழங்கை வரை சாம்பல். கையில் ஒரு பிடி விதை. காலடியில் ஒரு சட்டி நிறைய வெள்ளையாக ஏதோ.

“யாரும் இல்ல ஆன்டி.”

“பால் தெளிச்சிருக்கீங்க.”

“கஞ்சி.”

“அந்தச் சாம்பல்?”

“விதைக்கு.”

“என்ன விதை?”

“மாட்டுக்கு.”

பவுனம்மாள் குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். பின்கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு இன்னொரு தாழ்ப்பாள்.

குகன் எப்போதுமே கேட்டதற்குப் பாதிதான் பதில் சொல்வான். மனைவி ஷாமினி போன பிறகு அந்தப் பாதியும் பாதியாகிவிட்டது. அவள் தலைவலி என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள். அவன் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த ஒரு வருடத்தில் அவன் அழுததையோ சிரித்ததையோ கிள்ளானில் ஒருவரும் பார்த்ததில்லை.

பவுனம்மாளையும் குற்றம் சொல்ல முடியாது. பிணத்தை எரித்த மறுநாள் சாம்பலை அள்ளி, அந்த இடத்தில் பால் தெளித்து, நவதானியம் விதைப்பதற்குக் காடாத்து என்று பெயர். விடியற்காலையில், வெறுங்காலோடு, இடுப்பில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு ஒருவன் சாம்பலும் வெள்ளைத் தண்ணீரும் தானியமுமாகக் குனிந்து நின்றால், தமிழ்க் கண்ணுக்கு அது புல் விதைப்பதாகத் தெரியாது. தெற்கு மூலையிலிருந்து வேறு தொடங்கியிருந்தான்.

உண்மையில் எல்லாம் மேடத்துக்காக.

மேடம் என்பது மாடு. ஷாமினி வைத்த பெயர். கன்றுக்குட்டியாக இருக்கும்போதே யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. அவள் கூப்பிட்டால் மட்டும் நிதானமாகத் திரும்பும், ஆபீசில் கையெழுத்து கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல. காப்பார் ரோட்டுக்கு உள்ளே, சுவரோடு சுவர் ஒட்டிய தெராஸ் வீடுகளின் பின்வரிசையை ஒட்டி, அவள் அப்பா தம்புசாமிக்கு ஒரு கொட்டகையும் முக்கால் ஏக்கர் நிலமும் இருந்தன. மற்ற மாடுகளையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக விற்றுவிட்டார். மிஞ்சியது மேடம். குகன் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு, சில நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று மாமனார் வீட்டுக்கு வந்தவன், இன்னும் இருந்தான்.

“மாப்ள, ரோட்டோரம் புல்லு அறுக்க முடியல. மருந்தடிச்சுட்டானுங்க” என்று ஒருநாள் சாப்பிடும்போது தம்புசாமி சொன்னார். “முழங்காலும் ஒத்துக்கல. தீபாவளிக்குள்ள இந்த எடம் பச்சையாகணும். இல்லன்னா காஜாங்லேர்ந்து ஜமால் பாய் லோரி வரும்.”

ஜமால் பாய் மேடத்தைக் கறவைக்காக வாங்கப் போவதில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் ரசம் ஊற்றிக்கொண்டார்கள்.

“நான் பாக்குறேன் மாமா” என்றான் குகன்.

அவன் ரசாயனம் படித்தவன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பிறருடைய ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். விவசாயம் தெரியாது. தேடிப் படித்தான். முயல்மசால் என்ற தீவனப் பயிரைக் கண்டுபிடித்தான். பயறு வகை. மாடு விரும்பித் தின்னும். ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் வெட்ட வெட்டத் தழைக்கும். வேர் பிடிக்கிற வரைக்கும்தான் பாடு.

முதல் தடவை நிலக்கடலை நடுகிற மாதிரி விரல் ஆழத்தில் புதைத்தான். ஒன்றும் வரவில்லை. விதை எள்ளை விடச் சிறியது. அவ்வளவு மண்ணை முட்டிக்கொண்டு மேலே வர அதற்குத் தெம்பில்லை. இரண்டாம் தடவை மேலாகத் தூவினான். எறும்புகள் வந்து வரிசை பிடித்து, ஒன்று விடாமல் தூக்கிக்கொண்டு போயின. குகன் குந்தி உட்கார்ந்து கடைசி விதை போகும்வரை பார்த்தான்.

மூன்றாம் தடவை முறைப்படி செய்தான். விதைத்தோல் கெட்டி என்பதால் வெந்நீரில் போட்டு எடுத்தான். வேரில் ஒட்டி வாழ்ந்து செடிக்கு உரம் சேர்த்துக் கொடுக்கும் நுண்ணுயிர்ப் பொடியை ஆறின கஞ்சியில் கரைத்து அதில் விதையைப் புரட்டினான். எறும்பு வராமலிருக்கவும், தூவுவது சீராக விழவும், கொட்டகையில் கொசுவுக்குப் போடும் மூட்டத்தின் சாம்பலைக் கலந்தான்.

முறைப்படி செய்ததுதான் வம்பாகிப் போனது.

அன்று சாயங்காலமே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் டின், மைலோ பாக்கெட். பெண்கள் முந்தானையைத் தயாராக வைத்திருந்தார்கள். முன்னால் இராமலிங்கம். முன்வரிசையில் மளிகைக்கடை வைத்திருப்பவர், கோயில் செயலாளர். மேடத்தின் பாலில் முக்கால்வாசி அவர் வழியாகத்தான் கோயில் அபிஷேகத்துக்குப் போகும்.

வந்தவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். தம்புசாமியின் சாய்வு நாற்காலி காலியாக இருந்தது.

“மாமா எங்க தம்பி?”

“காஜாங்.”

“அங்க எங்க?”

“ஆஸ்பத்திரில.”

“எப்ப?”

“திங்கக்கெழம.”

“ஒரு வார்த்த சொல்லலையே!”

“யாருக்கும் சொல்ல வேணாம்னாரு.”

“கடைசியா ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?”

குகன் யோசித்தான். “மாட்டப் பாத்துக்கன்னாரு.”

பவுனம்மாள் ஓவென்று தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குகன் பழக்கதோஷத்தில் நாற்காலி எடுத்துப் போட்டான். இரண்டு நாற்காலி போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது.

“கண்ணு ஆபரேஷன்” என்றான்.

யாருக்கும் கேட்கவில்லை.

“கண்ணுல புரை. தங்கச்சி வீட்டுல தங்கிருக்காரு. உயிரோட இருக்காரு.”

இராமலிங்கம் அவன் தோளில் கை வைத்தார். “புரியுது தம்பி. அந்தப் புள்ள போனப்பவும் நீங்க இப்படித்தான் இருந்தீங்க. மனசு ஒத்துக்காது. ஆனா கொல்லையில வச்சு எரிக்கலாமா? சட்டம்னு ஒண்ணு இருக்கு லா.”

குகன் போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டான். இதைவிட நல்ல அத்தாட்சி என்ன இருக்கிறது? காஜாங்கில் தம்புசாமியின் தங்கச்சி எடுத்தார். “அண்ணனக் காட்டுங்க அத்தை” என்றான்.

காட்டினார். தலையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தம்புசாமி மல்லாந்து, கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தார். ஒரு கண்ணை மூடி வெள்ளைக் கட்டு. குளிருக்காகக் கழுத்து வரை வெள்ளைத் துணி. தாடையில் கட்டு இழுக்கிறது என்று வாயை அழுத்தி மூடியிருந்தார்.

“மாமா, ஒரு வார்த்த பேசுங்க.”

அந்த நேரம் பார்த்து இணைப்பு உறைந்தது. தம்புசாமி படத்தில் அப்படியே நின்றார். ஒரு திறந்த கண் கூட்டத்தைப் பார்த்தது. இமைக்கவில்லை.

பிஸ்கட் டின்களை வைத்துவிட்டு எல்லாரும் போனார்கள். போகும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாதல்லவா?

வெள்ளிக்கிழமை தம்புசாமி வந்தார். வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று இருட்டோடு கிளம்பியிருந்தார். டாக்சியை முனையிலேயே விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பெரிய கறுப்புக் கண்ணாடியோடு பின்சந்து வழியாக மெல்ல நடந்து வந்தார். கண் சரியாகத் தெரியாததால் கையை முன்னால் நீட்டியபடி வந்தார்.

செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பவுனம்மாளிடம், “பவுனு, என் வீடு இதானே?” என்று கேட்டார்.

அந்த அலறலில் மேடம் கயிற்றை அறுத்துக்கொண்டது.

தம்புசாமி உயிரோடு இருப்பதை ஊர் ஒத்துக்கொள்ள ஒருநாள் ஆயிற்று. இராமலிங்கம் வந்து கையைக் கிள்ளியே பார்த்தார். ஆனால் ஒத்துக்கொண்ட பிறகுதான் நிலைமை மோசமாயிற்று.

“அப்ப அன்னிக்குக் காடாத்து யாருக்கு?” என்று கேட்டார் பவுனம்மாள்.

அதற்கு ஊரே ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. ஏனென்றால் விடியற்காலையில் அந்த நிலத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்கிறது.

குரல் கேட்டது நிஜம். ஷாமினி போன பிறகு மேடம் யாருக்கும் பால் கொடுக்கவில்லை. தம்புசாமியை இரண்டு தடவை உதைத்துக் கவிழ்த்தது. மடி கல்லாகிவிட்டது. ஒருநாள் கொட்டகையில் குகன் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது, விரல் பட்டு ஷாமினி எப்போதோ அனுப்பிய குரல்பதிவு ஓடத் தொடங்கியது. கறந்துகொண்டே பேசி, ஆபீசிலிருந்த அவனுக்கு அனுப்பியது. மேடம் திரும்பிப் பார்த்தது. பால் தானாகச் சொட்டியது.

அதிலிருந்து தினம் அதுதான். திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டுக் கறப்பான். நிறுத்தினால் மேடம் கத்தும் என்பதால், வயலுக்குப் போகும்போதும் போனைச் சட்டைப்பையில் போட்டு ஓட விட்டுக்கொண்டே போவான்.

“மேடம், கால எடு. எடு லா. ஏங்க, கேக்குதா? நாளைக்கு அந்த நீலச் சட்டயப் போடாதீங்க, காலர் போச்சு… சாப்பிட்டீங்களா?… என்ன சாப்பிட்டீங்க?…”

அந்தக் குரல் நின்று நின்று பேசும். கேள்வி கேட்கும். பதிலுக்கு இடம் விடும். பிறகு தானாகத் தொடரும். குகன் இப்போதெல்லாம் அதைக் கேட்பதில்லை. காதில் விழும், ஃபேன் சத்தம் மாதிரி.

வயலில் நிற்கும் அந்த ஒரு வேளை அவனுக்குப் பிடித்திருந்தது. தலைக்குள் ஒன்றும் ஓடாது. கை பாட்டுக்குத் தூவும், களை பிடுங்கும். கால் பாட்டுக்கு நகரும். நிமிர்ந்து பார்த்தால் வெயில் வந்திருக்கும், எப்படி வந்ததென்று தெரியாது. குளித்துவிட்டு ரயிலேறி ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது தொண்டை மட்டும் கட்டியிருக்கும். சாம்பல் தூசி என்று நினைத்துக்கொள்வான்.

“பேய்ங்கிறானுங்க மாப்ள” என்றார் தம்புசாமி. “என் மக பேயாம்.”

“ம்ம்.”

“நீ தினம் சாம்பலத் தூவி அவள எழுப்புறியாம்.”

“எறும்புக்குத்தான் மாமா.”

“அதத்தான் நானும் சொன்னேன். எறும்பும் எந்திரிச்சு வருமான்னு கேக்குறானுங்க.”

ஆனால் பேயால் ஒரு நன்மை விளைந்தது. அதுவரை அந்த நிலம் பொதுச் சொத்து. பையன்கள் பந்து விளையாடினார்கள். மோட்டார் சைக்கிள்கள் குறுக்கே போயின. பக்கத்து ஆடுகள் எட்டிப் பார்த்தன. முளைவிட்ட பயிருக்கு முதல் சில மாதம் கால்படக் கூடாது. இப்போது ஒரு கால்கூடப் படவில்லை. ஆட்டுக்காரர் ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

மூன்றாவது விதைப்பு முளைத்தது. முதலில் பச்சைப் பூஞ்சணம் படர்ந்த மாதிரி. பிறகு மூன்று மூன்று இலையாக. பிறகு கணுக்கால் உயரம்.

“வேலி போட்டிருந்தாகூட இப்படி நிக்காது” என்றார் தம்புசாமி, கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து. “மாட்ட விடலாமா?”

குகன் ஒரு செடியைப் பிடித்து இழுத்தான். வேரோடு வந்தது. “இலை மட்டும் அறுந்து வரணும் மாமா. அப்பத்தான் விடலாம்.”

“எப்ப வரும்?”

“அது புடிச்சுக்கிட்டா.”

பயிர் பிடிக்கத் தொடங்கியது. பால் விற்பது நின்றுபோனது. மாடு வஞ்சனையில்லாமல் கொடுத்தது. வாங்கத்தான் ஆளில்லை. முதலில் பின்வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக நிறுத்தின. பிறகு இராமலிங்கம் பின்சந்துக் கால்வாய்க்கு அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: “சாமிக்கு ஊத்துறது தம்பி. சுடுகாட்டுப் புல்லு தின்ன மாட்டோட பால ஊத்துனா நல்லாவா இருக்கும்?”

“இன்னும் திங்கவே இல்ல அங்கிள். மாட்ட உள்ள விடல.”

“திங்கப் போவுதுல்ல?”

தம்புசாமி பாலைத் தயிராக்கினார். தயிரை மோராக்கினார். காலையில் பால், மத்தியானம் தயிர், சாயங்காலம் மோர். வீட்டில் தலையணைகூடப் புளித்து நாறியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் போனை எடுத்தார்.

“பச்சையாயிடுச்சுதான் மாப்ள. இல்லேங்கல. பாலு போகாத மாட்ட வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பாய் சனிக்கெழம வரேங்கிறாரு.”

குகன் கொட்டகைக்குப் போய் மேடத்தின் எதிரில் நின்றான். மேடம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. உலகத்தில் ஷாமினியின் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பது இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்றிரவு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினான். கம்பியில்லாதது. குரல்தானே வம்பு? குரல் வெளியே வராவிட்டால் சரி.

மாட்டுக்கு ஹெட்போன் மாட்டுவது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. கொம்பு இடிக்கிறது. காது மேலே நிற்காமல் பக்கவாட்டில் ஆடுகிறது. கடைசியில் ஒரு துண்டால் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டினான். பல்வலிக்காரியைப் போல மேடம் நின்றது. போனைக் கொட்டகைத் தூணில் தொங்கவிட்டான். மேடம் காதை ஒருமுறை விடைத்தது. கண் பாதி மூடியது. வாளி நிறைந்தது. வெளியே ஒரு சத்தமில்லை.

குகன் வெறுங்கையோடு வயலுக்குப் போய், இடைவெளி விட்ட இடங்களில் மறுவிதைப்புச் செய்தான். நிமிர்ந்தபோது வெயில் வந்திருந்தது.

இரண்டு வாரம் இப்படியே அமைதியாகப் போனது. ஊர் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தான். கெஞ்சிக் கூத்தாடி லோரியையும் இரண்டு சனிக்கிழமை தள்ளி வைத்தான்.

ஆனால் பின்வரிசை வீடுகளின் பின்கதவுகளுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தார்கள். வேலிக் கம்பி நெடுக எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. நிலத்தைச் சுற்றி யாரோ மஞ்சள்தூளால் கோடு போட்டிருந்தார்கள். பவுனம்மாளின் செம்பருத்தி தண்ணீரில்லாமல் வாடியது. கோயிலில் மூன்று வெள்ளிக்கிழமை பூசை வைக்கப் போவதாகச் செய்தி வந்தது.

குகன் மளிகைக்கடைக்கே போனான். இராமலிங்கம் கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்றுகொண்டார்.

“இப்பத்தான் குரல் கேக்கலையே அங்கிள்?”

“கேக்கல.”

“ரெண்டு வாரமா?”

“ரெண்டு வாரமா கேக்கல.”

“அப்ப நல்லதுதானே?”

இராமலிங்கம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “தம்பி, ஒங்க அப்பா அம்மா தைப்பிங்லதானே இருக்காங்க? கொஞ்ச நாள் போயி இருந்துட்டு வாங்களேன்” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை லோரி வந்தது. ஜமால் பாய் பலகையை இறக்கிச் சாய்த்தார். அதே நேரத்தில் இராமலிங்கமும் பவுனம்மாளும் இருபது பேரும் சந்து முனைக்கு வந்து, மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். மாடு போனதும் நிலத்தைச் சுத்தி செய்ய வேண்டுமாம்.

மேடம் பலகையில் முன்காலை வைத்தது. ஹெட்போன் இன்னும் தலையில் இருந்தது.

“இருங்க பாய்” என்றான் குகன்.

பிறகு அவன் செய்ததை அந்தச் சந்து பலநாள் பேசிற்று. கொட்டகையிலிருந்து பிளாஸ்டிக் மேசையைத் தூக்கிவந்து நடுவில் போட்டான். சட்டி, சாம்பல், விதை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தான். பேசத் தொடங்கினான். முழு வாக்கியமாக.

“இது பால் இல்ல, கஞ்சி. வெதைல மருந்து ஒட்டறதுக்கு.” நம்பாதவர்களுக்காகச் சட்டியைத் தூக்கி மடமடவென்று குடித்தான்.

“அடக் கடவுளே, குடிக்கிறான்யா” என்றது கூட்டம்.

“இது பொணச் சாம்பல் இல்ல. கொசு மூட்டம். இது நவதானியம் இல்ல. முயல்மசால். ஒரு தடவ புடிச்சா அப்புறம் சாகாது.”

“சாகாதாமே” என்று பின்னால் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்.

குகன் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்தான். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். “இதுதான் அந்த மருந்து செஞ்ச வேலை. பாருங்க.” ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினான். உள்ளே சிவப்பாக இருந்தது.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

“ரத்தம்!”

“ரத்தம் இல்ல. ரத்தத்துல இருக்கிற மாதிரியே ஒண்ணு. செடியோடது” என்றான் குகன். ரசாயனம் படித்தவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “நம்ம ஒடம்புல மூச்சுக்காத்தப் புடிக்கிற அதே சாமான்.”

நான்கு பேர் வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

“மாப்ள, வெளக்கினது போதும்” என்றார் தம்புசாமி.

குகன் மேடத்தின் தலையிலிருந்து துண்டை அவிழ்த்தான். ஹெட்போனைக் கழற்றி அணைத்தான். தூணில் தொங்கிய போனை எடுத்துவந்து மேசையில் வைத்துச் சத்தத்தை முழுசாக ஏற்றினான்.

“மேடம், கால எடு. எடு லா.”

ஒருவரும் அசையவில்லை. ஜமால் பாய் தொப்பியைக் கழற்றினார். மேடம் பலகையிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தது.

“ஏங்க, கேக்குதா? நாளைக்கு அந்த நீலச் சட்டயப் போடாதீங்க…”

எல்லாரும் குகனின் சட்டையைப் பார்த்தார்கள். வெள்ளைதான்.

“ஏய், ஒதைக்காத! ஒங்கப்பன் வீட்டு வாளின்னு நெனச்சியா?”

“அவ அப்பன் வீட்டு வாளிதான்” என்றார் தம்புசாமி. சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடிக்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டார்.

யாரோ குபீரென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மேடத்தின் மடியிலிருந்து பால் மண்ணில் சொட்டியது. தம்புசாமி அந்த வாளியையே கொண்டுவந்து வைத்தார். இராமலிங்கம் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து, மேசையைச் சுற்றி நடந்து, போனைக் குனிந்து பார்த்தார்.

“இவ்வளவுதானா? இந்தப் போனுக்கா லா மூணு வெள்ளி பூசைக்குச் சொல்லி வச்சோம்?”

“நாளைலேர்ந்து பாலு?” என்றார் தம்புசாமி.

“கோயிலுக்கு அனுப்புங்க. நான் சொல்லிக்கிறேன்.”

ஜமால் பாய் பலகையைத் தூக்கி லோரியில் போட்டார். “அப்ப நான் கெளம்பவா?”

“டீ குடிச்சிட்டுப் போங்க பாய். பாலுக்கா பஞ்சம்?”

குகன் குனிந்து முயல்மசால் செடி ஒன்றை இழுத்துப் பார்த்தான். இலை மட்டும் அறுந்து கையோடு வந்தது. வேர் அசையவில்லை. மேடத்தின் கயிற்றை அவிழ்த்து உள்ளே விட்டான். அது தலையைக் குனிந்து, அவசரமில்லாமல் முதல் வாயைக் கடித்தது.

டீ சுற்றி வந்தது. ஆளாளுக்கு மற்றவர் பயந்த கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். பவுனம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. குகனிடம் டம்ளரை நீட்டும்போது கையைச் சீக்கிரம் இழுத்துக்கொண்டார்.

குகன் டீயைக் குடித்தான். கட்டிய தொண்டைக்கு இதமாக இருந்தது. ஒரு கணக்கு மட்டும் அவனுக்கு ஒத்துவரவில்லை.

“ஆன்டி, மாட்டுக்கு ஹெட்போன் போட்டப்புறம் ரெண்டு வாரமா குரல் வெளிய வரவே இல்லையே. அதுக்கப்புறம் எதுக்குக் கதவுக்கு ஆணி அடிச்சீங்க?”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இராமலிங்கம் டம்ளருக்குள் பார்த்தார். பவுனம்மாள்தான் சொன்னார்.

“அந்தப் பொண்ணு பேசறது நின்னுடுச்சு தம்பி. நீங்க தினம் அங்க நின்னு அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறதுதான் நிக்கல.”